கார்ப்பரேட் சட்டத்தில் முதல் வேலை: நியூயார்க்கா, ஹூஸ்டனா, பாலோ ஆல்டோவா?

மூன்றாம்_பெஞ்ச்:

வணக்கம். அமெரிக்காவில் ஜே.டி. (சட்டப் பட்டம்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த கோடைக்கு சம்மர் அசோசியேட்டாக (கோடைப் பயிற்சிக்கு) மூன்று ஊர்களிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது: நியூயார்க், ஹூஸ்டன், கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோ. மூன்றுமே பெரிய ஃபர்ம்கள், மூன்றிலும் கார்ப்பரேட் பிரிவு. சம்மரில் சொதப்பாமல் இருந்தால் படிப்பு முடிந்ததும் அதே அலுவலகத்தில் வேலை கிடைத்துவிடும் என்பதுதான் வழக்கம், அதனால் இப்போது பத்து வாரத்துக்கு ஊர் தேர்ந்தெடுக்கிறேன் என்று சொன்னாலும் உண்மையில் முதல் நாலைந்து வருடத்துக்குத்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

சம்பளத்தை வைத்து முடிவு செய்யலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மூன்றிலும் முதல் வருட அசோசியேட்டுக்கு (ஃபர்மின் ஜூனியர் வக்கீலுக்கு) அதே 2,25,000 டாலர், அதே போனஸ் அட்டவணை. வகுப்பில் யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு நியூயார்க் என்கிறார்கள், ஏன் என்று கேட்டால் 'அங்கேதான் டீல் எல்லாம் நடக்கிறது' என்பதைத் தாண்டி ஒருவரும் பேசுவதில்லை. எனக்கு எம் அண்ட் ஏ (கம்பெனிகளை வாங்குவது, விற்பது, இணைப்பது) பிடிக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் அந்தப் பாடத்தில் நல்ல மார்க் வந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் கிடையாது. இன்னும் இரண்டு விஷயம்: நான் எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன், மனைவிக்கு ஹூஸ்டனில் வேலை. ஓர் ஊரில் தொடங்கிவிட்டு இன்னொரு ஊருக்கு மாறுவது எவ்வளவு கஷ்டம்? வக்கீலாவதற்கான பார் தேர்வை எந்த மாநிலத்தில் எழுதுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பின்னிரவு_ரெட்லைன்:

நியூயார்க்கில் ஐந்தாம் வருட அசோசியேட், எம் அண்ட் ஏ. நான் நியூயார்க்குக்குத்தான் ஓட்டுப் போடுவேன், ஆனால் உங்கள் வகுப்பில் சொல்கிற காரணத்துக்காக அல்ல.

'டீல் எல்லாம் அங்கேதான்' என்பது இப்போது பழைய கதை. டீல் மெயிலிலும், ஆவணங்களை ஆன்லைனில் பகிர்கிற டேட்டா ரூமிலும் நடக்கிறது, வாங்குகிற கம்பெனி ஓர் ஊரில், விற்கிறவர் இன்னோர் ஊரில், கம்பெனி பதிவாகியிருப்பது டெலவேர் மாநிலத்தில். நியூயார்க்கின் பலம் வேறு. பெரிய கடன் ஒப்பந்தமோ பாண்டு வெளியீடோ எடுத்துப் பாருங்கள், இரு தரப்புக்கும் நியூயார்க்கோடு ஒட்டுமில்லை உறவுமில்லை என்றாலும் 'நியூயார்க் சட்டம் பொருந்தும்' என்றுதான் கடைசியில் எழுதியிருக்கும். இரண்டரை லட்சம் டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள ஒப்பந்தத்தில் இப்படித் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று 1984-லேயே அந்த மாநிலம் சட்டமே போட்டுவைத்திருக்கிறது. அதனால் இங்கே கற்றுக்கொள்கிற கிரெடிட் அக்ரிமென்டையும் (கடன் ஒப்பந்தம்) இண்டென்சரையும் (பாண்டு ஒப்பந்தம்) வேறு எந்த ஊருக்கும் எடுத்துக்கொண்டு போகலாம், லண்டன், ஹாங்காங், சிங்கப்பூர் ஆபீஸ்களில்கூட நியூயார்க் சட்டம் தெரிந்தவர்களுக்கென்று தனி இருக்கை உண்டு.

மாறுவதைப் பற்றிக் கேட்டீர்கள். நியூயார்க்கிலிருந்து வெளியே போவது சுலபம், வெளியிலிருந்து நியூயார்க்குக்கு வருவது முடியாத காரியம் இல்லை என்றாலும் கொஞ்சம் வியர்க்கும். மூன்றாவது, நான்காவது வருடத்தில் ரிக்ரூட்டர்கள் தினமும் கூப்பிடுவார்கள், அப்போது உங்கள் டீல் பட்டியலைத்தான் முதலில் கேட்பார்கள்.

இப்போது கசப்பான பகுதி. இங்கே கார்ப்பரேட் என்று ஒரு பிரிவே கிடையாது, எம் அண்ட் ஏ தனி, கேப்பிடல் மார்க்கெட்ஸ் (பங்கு, பாண்டு வெளியீடு) தனி, லெவரேஜ்டு ஃபைனான்ஸ் (டீலுக்கான பெருங்கடன்) தனி, ஃபண்டு (முதலீட்டு நிதி) தனி. சில ஃபர்ம்கள் ஒவ்வொன்றிலும் கொஞ்ச காலம் சுழற்றி விடும், சிலவற்றில் முதல் நாளே ஒன்றில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். எம் அண்ட் ஏ பிடிக்குமா என்று உங்களுக்கே தெரியாதபோது இந்த ஒரு கேள்வி ஊரைவிட முக்கியம். முதல் வருட வேலை என்ன என்றும் தெரிந்துகொள்ளுங்கள். டேட்டா ரூமில் இருக்கிற நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களைத் திறந்து 'உரிமையாளர் மாறினால் மறுதரப்பின் சம்மதம் வேண்டும்' என்ற பிரிவு எதிலெல்லாம் இருக்கிறது என்று அட்டவணை போடுவது, டிஸ்க்ளோஷர் ஷெட்யூலை (விற்கிறவர் தருகிற விவர, விதிவிலக்குப் பட்டியல்) ஒப்பந்தத்தோடு ஒப்பிடுவது, கையெழுத்துப் பக்கம் சேகரிப்பது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு க்ளோசிங் (டீல் முடிந்து பணம் கைமாறுவது), முப்பத்தைந்து துணை நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கையெழுத்துக்காரர், இரவு இரண்டு மணிக்குப் பார்த்தால் ஒரே ஒரு பக்கத்தில் எல்.எல்.சி. என்று இருக்க வேண்டிய இடத்தில் எல்.பி. என்று அச்சாகியிருக்கும் (இரண்டும் வேறு வேறு வகை நிறுவனம்), போட வேண்டியவர் விமானத்தில் இருப்பார். அந்த ஒரு பக்கத்துக்காகப் பணம் கைமாறாமல் நிற்கும். பெரிய டீல் என்றால் இதுவும் பெரிது. ஐம்பது பேர் வேலை செய்கிற டீலில் நீங்கள் ஐம்பதாவது ஆள்.

கிணற்றடி_வக்கீல்:

மேலே உள்ள நண்பர் நியாயமாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனாலும் ஹூஸ்டன்காரன் ஒருத்தன் பதில் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

தம்பி, மனைவிக்கு ஹூஸ்டனில் வேலை என்பதைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, அது முதல் வரியில் வந்திருக்க வேண்டும். முதல் வருட அசோசியேட்டின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று மேலே படித்தீர்கள். அதை நடத்திக்கொண்டே வார இறுதியில் விமானம் ஏறிக் குடும்பத்தைப் பார்ப்பேன் என்றால், வெள்ளி மாலை ஆறு மணிக்கு பார்ட்னரிடமிருந்து 'சின்ன விஷயம்' என்று ஒரு மெயில் வரும், டிக்கெட் வீணாகும். இதை எந்த ரேங்கிங்கும் சொல்லாது.

வேலையைப் பற்றி. ஹூஸ்டன் என்றால் இரண்டாம் தரம் என்ற எண்ணம் பத்து வருடத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. முன்பு வின்சன் அண்ட் எல்கின்ஸ், பேக்கர் பாட்ஸ் போன்ற உள்ளூர்ப் பெரிய ஃபர்ம்கள்தான். 2014-ல் கர்க்லண்ட் என்ற பெரிய ஃபர்ம் வந்து கடை விரித்தது, அதன் பிறகு நியூயார்க் ஃபர்ம்களும் வரிசையாக வந்தன, சம்பளம் நியூயார்க்குக்குச் சமமானதே அந்தப் போட்டியால்தான். எண்ணெய், எரிவாயு, பைப்லைன், எல்.என்.ஜி. (திரவ எரிவாயு) முனையம், இப்போது சோலார், காற்றாலை, பேட்டரி என்று எனர்ஜி சம்பந்தமான எம் அண்ட் ஏ-வுக்கு இதுதான் தலைநகர், நியூயார்க்கில் உட்கார்ந்திருக்கிற பார்ட்னரே இங்கே கூப்பிட்டுக் கேட்பார். நான் இருக்கிற அணியில் ஒரு டீலுக்கு இரண்டு ஜூனியர்கள்தான் இருப்பார்கள், அதனால் இரண்டாவது வருடத்திலேயே துணை ஒப்பந்தங்களை நீங்களே டிராஃப்ட் செய்வீர்கள், கிளையன்ட்டோடு போனில் நீங்களே பேசுவீர்கள்.

பணம். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. நியூயார்க் நகரத்தில் குடியிருந்தால் மாநில வரிக்கு மேல் நகர வரியும் தனி, உங்கள் சம்பளத்தில் பெரும்பகுதிக்கு அது 3.876 சதவீதம். கலிஃபோர்னியாவில் நீங்கள் 9.3 சதவீத மாநில வரிப் படிக்கு வந்துவிடுவீர்கள். அதே 2,25,000 டாலர் என்று எழுதினீர்கள், கைக்கு வருவது அதே இல்லை. கல்விக் கடன் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை, இருந்தால் இது சின்னத் தொகை அல்ல.

குறை என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் விலைக்குத் தும்மல் வந்தால் எங்களுக்குக் காய்ச்சல். 2014-ல் விலை சரியத் தொடங்கியபோது புது டீல்கள் நின்றன, 2020 ஏப்ரல் 20 அன்று கச்சா எண்ணெய் ஃபியூச்சர்ஸ் (முன்பேர வர்த்தக விலை) பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 37 டாலரில் முடிந்தது. ஆனால் அந்த மாதிரி நேரத்தில் இங்குள்ள திவால் நீதிமன்றம் நிரம்பி வழியும், கார்ப்பரேட் ஜூனியர்களில் பலர் ரீஸ்ட்ரக்ச்சரிங் (கடன் மறுசீரமைப்பு) வேலைக்குப் போய்க் கை நிறைய வேலை பார்த்தார்கள். இன்னொன்று, எனர்ஜியில் ஐந்து வருடம் ஊறிய பிறகு மருந்துக் கம்பெனி டீலுக்கு மாற வேண்டும் என்றால் உங்களை எனர்ஜி ஆள் என்றே பார்ப்பார்கள். அந்த முத்திரை விழும், மறைப்பதற்கில்லை.

மூன்றாம்_பெஞ்ச்:

இரண்டு பேருக்கும் நன்றி. கடன் இருக்கிறது அண்ணா, நன்றாகவே இருக்கிறது. ஒரு விளக்கம்: ஹூஸ்டன் ஆஃபர் கொடுத்த ஃபர்முக்குத் தலைமையகம் வேறு ஊரில். அப்படியானால் நல்ல வேலையெல்லாம் தலைமையகத்துக்குப் போய் மிச்சம்தான் ஹூஸ்டனுக்கு வரும் என்கிறார்களே?

கிணற்றடி_வக்கீல்:

அது ஆபீஸைப் பொறுத்தது. ஒரே ஒரு விஷயம் பாருங்கள்: அந்த ஆபீஸில் இருக்கிற பார்ட்னர்களுக்கு சொந்தக் கிளையன்ட் இருக்கிறதா, இல்லை தலைமையகம் அனுப்புவதை வாங்கிச் செய்கிறார்களா. ஃபர்ம் வெளியிடுகிற டீல் செய்திகளை எடுத்துப் பாருங்கள், கடைசியில் யார் யார் வேலை செய்தார்கள் என்று பெயர் போட்டிருப்பார்கள். ஹூஸ்டன் பெயர்கள் முதலில் வருகிறதா, 'உதவியவர்கள்' பட்டியலில் வருகிறதா. அரை மணி நேர வேலை.

கேப்_டேபிள்_அக்கா:

மூன்றில் ஒன்றை யாருமே பேசவில்லை, அதனால் வருகிறேன். பாலோ ஆல்டோவில் வென்ச்சர் கேப்பிடல் (ஸ்டார்ட்அப் முதலீடு) பிரிவில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இன்-ஹவுஸ், அதாவது கம்பெனியின் சொந்த வக்கீல்.

இங்கே கார்ப்பரேட் என்ற சொல்லுக்கு அர்த்தமே வேறு. கம்பெனி தொடங்குகிற நாளில் டெலவேரில் பதிவு செய்து தருவீர்கள், நிறுவனர்களுக்குப் பங்கு பிரிப்பீர்கள், சீரிஸ் ஏ (முதல் பெரிய முதலீட்டுச் சுற்று) வரும்போது டெர்ம் ஷீட்டை (முதலீட்டு நிபந்தனைச் சுருக்கம்) படித்துவிட்டு 'இந்த லிக்விடேஷன் பிரிஃபரன்ஸை (முதலீட்டாளருக்கே முதலில் பணம் என்ற நிபந்தனை) ஒத்துக்கொண்டால் கம்பெனியை விற்கிற அன்று உனக்கு ஒன்றும் மிஞ்சாது' என்று இருபத்து நாலு வயது நிறுவனரிடம் நீங்களே சொல்ல வேண்டியிருக்கும், அந்த அழைப்பில் பார்ட்னர் பாதி நேரம் இருக்கமாட்டார். முதலீட்டு ஆவணங்களுக்குப் பெரும்பாலும் அமெரிக்க வென்ச்சர் கேப்பிடல் சங்கத்தின் மாதிரிப் படிவம்தான், அதனால் டிராஃப்டிங்கில் புதிதாகக் கண்டுபிடிக்க அதிகம் இருக்காது. ஆனால் கேப் டேபிள் (யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பட்டியல்) சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு செய்கிற வேலை. நிறுவனர் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நண்பருக்கு மெயிலில் 'உனக்கு ஒரு சதவீதம்' என்று வாக்குக் கொடுத்திருப்பார், போர்டு ஒப்புதல் இருக்காது, காகிதம் இருக்காது, கம்பெனியை விற்கப் போகிற வாரத்தில் அந்த நண்பர் வந்து நிற்பார்.

பின்னிரவு_ரெட்லைன் சொன்ன ஐம்பதாவது ஆள் வாழ்க்கைக்கு இது நேர் எதிர். மனிதர்களோடு பேசப் பிடிக்குமா, ஒரே ஆவணத்தில் ஆழமாக மூழ்கப் பிடிக்குமா, இதை வைத்தே பாதி முடிவு செய்யலாம். இன்-ஹவுஸ் போக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இந்தப் பக்கம்தான் கதவுகள் அதிகம், நீங்கள் வளர்த்த கம்பெனியே உங்களைக் கூப்பிடும்.

ஆபத்து இல்லாமல் இல்லை. ஸ்டார்ட்அப் பணம் வட்டி விகிதத்தோடு ஏறி இறங்குகிற பணம். 2021-ல் ஆள் போதாமல் போனஸ் கொடுத்துக் கூட்டிவந்தார்கள், 2022-ல் வட்டி ஏறியதும் அதே ஆட்கள் பில்லபிள் ஹவர்ஸ் (கிளையன்ட்டிடம் கட்டணம் வாங்கக்கூடிய வேலை நேரம்) இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு முன் டாட்காம் குமிழி உடைந்த பிறகு ப்ரோபெக் என்ற பெரிய சான் ஃபிரான்சிஸ்கோ ஃபர்ம் 2003-ல் மூடியே போனது, பழைய ஆட்கள் இன்றும் அதைச் சொல்லித்தான் ஜூனியர்களை பயமுறுத்துவார்கள்.

பார் தேர்வு பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நியூயார்க்கும் டெக்சாஸும் யூனிஃபார்ம் பார் தேர்வை (பல மாநிலங்களுக்குப் பொதுவான தேர்வு) ஏற்கின்றன, நியூயார்க்கில் 266 வாங்கினால் பாஸ், டெக்சாஸில் 270. ஆக 270 எடுத்துவிட்டால் எங்கே எழுதியிருந்தாலும் மதிப்பெண்ணை இன்னொரு மாநிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், இரண்டு மாநிலத்துக்கும் அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பற்றிய ஒரு ஆன்லைன் படிப்பு கூட வேண்டும், நியூயார்க்குக்கு அதற்கு மேல் ஒரு ஆன்லைன் தேர்வும், 50 மணி நேர இலவசச் சட்டச் சேவையும் வேண்டும். அந்த 50 மணியைக் கல்லூரியில் இருக்கும்போதே சட்ட உதவி கிளினிக்கில் முடித்து வைத்துவிடுங்கள், எந்த ஊருக்குப் போனாலும் சரி. கலிஃபோர்னியா இந்தக் கூட்டத்தில் சேரவில்லை, அதற்குத் தனித் தேர்வு. வேறு மாநிலத்தில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தால் சுருக்கமான ஒரு நாள் தேர்வு எழுதலாம், அதற்கு முன் வந்தால் முழுத் தேர்வையும் மறுபடி எழுத வேண்டும். வேலைக்கு நடுவே பார் தேர்வுக்குப் படிப்பது என்ன பாடு என்று எழுதியவர்களைக் கேளுங்கள்.

குலுக்கல்_சீட்டு:

எஃப்-1 என்று எழுதியிருக்கிறீர்கள், எல்லோரும் டீலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜே.டி. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், எஞ்சினியரிங், கணிதம்) படிப்பு அல்ல. அதனால் எஞ்சினியரிங் நண்பர்களுக்குக் கிடைக்கிற இரண்டு வருட நீட்டிப்பு உங்களுக்குக் கிடையாது, ஓ.பி.டி. (படிப்பு முடிந்தபின் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கிற அனுமதி) பன்னிரண்டு மாதம்தான். படிப்பு முடிந்து அறுபது நாளுக்குள் அது தொடங்கியாக வேண்டும், நீங்களோ ஜூலை கடைசி வரை பார் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள், வேலை இலையுதிர் காலத்தில்தான் தொடங்கும். அதாவது பன்னிரண்டில் சில மாதங்கள் வேலையில் சேரும் முன்பே கரைந்துவிடும். எச்-1பி (குலுக்கலில் கிடைக்கிற வேலை விசா) பதிவு மார்ச்சில், எனவே வேலையில் சேர்ந்த பிறகு உங்களுக்கு நிச்சயமாக ஒரு குலுக்கல்தான். வருடத்துக்கு 65,000 இடம், அமெரிக்காவில் முதுநிலையும் அதற்கு மேலும் படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000, ஜே.டி. அதில் வரும். அப்படியும் பெயர் விழாமல் போகலாம்.

விழாவிட்டால் என்ன? இங்கேதான் ஃபர்ம் முக்கியம். லண்டனிலோ வேறு நாட்டிலோ உண்மையாகவே கார்ப்பரேட் வேலை நடக்கிற ஆபீஸ் இருக்கிற ஃபர்ம் என்றால் உங்களை ஒரு வருடத்துக்கு அங்கே அனுப்பிவிட்டு எல்-1 விசாவில் (ஒரே நிறுவனத்தின் வெளிநாட்டு ஆபீஸிலிருந்து மாறி வருபவர்களுக்கானது) திரும்பக் கூட்டிவர முயலலாம். அதற்கும் நிபந்தனைகள் உண்டு, ஆனால் வழி என்று ஒன்று இருக்கும். ஒரே நாட்டுக்குள் நாலு ஆபீஸ் மட்டும் வைத்திருக்கிற ஃபர்மால் அதுவும் முடியாது. மூன்று ஃபர்மிடமும் நேராகக் கேளுங்கள்: குலுக்கலில் பெயர் விழாத அசோசியேட்டுகளை இதற்கு முன் என்ன செய்தீர்கள்? ஆஃபர் கையில் இருக்கும்போது கேட்பதில் தப்பே இல்லை. மனைவி எந்த விசாவில் இருக்கிறார் என்பதையும் சேர்த்து ஒரு குடியேற்ற வக்கீலிடம் உட்கார்ந்து பேசுங்கள், இங்கே எழுதுவதை மட்டும் நம்பாதீர்கள், விதிகள் ராத்திரியோடு ராத்திரியாக மாறுகின்றன.

சான்சரி_ரசிகன்:

நான் கார்ப்பரேட் வழக்குகள் பக்கம், டீல் பக்கம் அல்ல. மேலே இரண்டு பேர் டெலவேர் டெலவேர் என்கிறீர்கள், அங்குள்ள வில்மிங்டன் நகரைப் பட்டியலில் சேர்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. 1792-லிருந்து இருக்கிற, கம்பெனி வழக்குகளுக்குப் பேர்போன சான்சரி நீதிமன்றம், ஜூரி கிடையாது, பெரிய இணைப்பில் சண்டை வந்தால் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கும். சின்ன ஊர், வீட்டு வாடகை உங்களுக்கு அழுகை வரவழைக்காது. இப்போது டெஸ்லா 2024-ல் டெக்சாஸுக்குப் பதிவை மாற்றிக்கொண்டது, அதே வருடம் செப்டம்பரில் டெக்சாஸ் தனியாக வணிக நீதிமன்றம் தொடங்கியது, டெலவேர் பதறிப்போய் 2025 மார்ச்சில் தன் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தியது. இது எங்கே போய் முடியும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் ஹூஸ்டனுக்கு இதனால் நஷ்டம் இல்லை.

மூன்றாம்_பெஞ்ச்:

எல்லோருக்கும் நன்றி, விசா விஷயத்தில் நான் இவ்வளவு தூரம் கணக்குப் போட்டிருக்கவில்லை. நேற்று மூன்று ஃபர்முக்கும் மெயில் போட்டேன். நியூயார்க் ஃபர்மிலிருந்து ஒரு மணி நேரத்தில் பதில்: லண்டனுக்கு அனுப்பியிருக்கிறோம், போய்வந்த ஒருவரோடு பேச வைக்கிறோம் என்று. ஹூஸ்டன் ஃபர்மும் லண்டன் ஆபீஸ் உண்டு என்கிறது, ஆனால் அங்கே அனுப்பியது நியூயார்க் ஆட்களைத்தானாம், ஹூஸ்டனிலிருந்து போனவர் இருக்கிறாரா என்று விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். பாலோ ஆல்டோ இன்னும் பதில் போடவில்லை. அக்கா சொன்ன வேலை கேட்கவே ஆசையாக இருக்கிறது, ஆனால் தனி பார் தேர்வு, மனைவி வேறு ஊரில், வெளிநாட்டு ஆபீஸும் சந்தேகம் என்று பார்த்தால் அது மூன்றாவதாகப் போகிறது. மனைவி என்ன சொல்கிறாள் என்றால், அவளுக்கு நியூயார்க்கிலும் வேலை தேடலாமாம், ஆனால் ஒரு வருடமாவது ஆகும்.

பின்னிரவு_ரெட்லைன்:

லண்டன் போய்வந்தவரோடு பேசும்போது விசாவை மட்டும் கேட்காதீர்கள், திரும்பி வந்தபோது பழைய அணியிலேயே சேர்த்துக்கொண்டார்களா என்று கேளுங்கள். ஒரு வருடம் கண்ணில் படாதவனை மறந்துவிட்டு அவன் டீல்களை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவது ரொம்ப சகஜம்.

ஹூஸ்டன் பதில் வரும் வரை நியூயார்க்குக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கெடு எப்போது? இரண்டு வாரம் தள்ளிக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள், மனைவியின் வேலைதான் காரணம் என்று உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள். அதற்கிடையில் இரண்டு ஆபீஸிலும் மூன்று வருடம் முன்பு முதல் வருடத்தில் சேர்ந்தவர்களை லிங்க்ட்இன்னில் தேடுங்கள், யார் இருக்கிறார்கள், போனவர்கள் எங்கே போனார்கள் என்று. போனவர்களில் ஒருவருக்காவது எழுதுங்கள். இருப்பவர்கள் ரிக்ரூட்டிங் கமிட்டிக்குத் தெரியும் என்று அளந்துதான் பேசுவார்கள்.

கிணற்றடி_வக்கீல்:

ஹூஸ்டன் ஃபர்மில் விசாரிக்கிறேன் என்றது ரிக்ரூட்டிங் ஆளா, பார்ட்னரா? ரிக்ரூட்டிங் என்றால் அந்தப் பதில் வர நாளாகும். உங்களை நேர்காணல் செய்த கார்ப்பரேட் பார்ட்னருக்கு நேரடியாக ஒரு மெயில் போடுங்கள் தம்பி, நாலு வரி போதும்.